ஜப்பானிய சூஃப்லே சீஸ்கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேக்கில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டே இடங்களில் பிறக்கின்றன: வெண்கரு நுரையின் பதம், ஓவனின் சூடு. சீஸ், மாவு, எலுமிச்சை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். அதனால் அந்த இரண்டைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கும், மற்றவை சுருக்கமாக இருக்கும். வேறு அளவு சொல்லப்படாத இடங்களில் எல்லாக் கணக்கும் 20 செ.மீ. விட்டமும் 7.5 செ.மீ. உயரமும் உள்ள வட்ட டின்னுக்கு.

வழக்கமான சீஸ்கேக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிஸ்கட் அடித்தளத்தோடு வரும் அமெரிக்க வகையில் இதே அளவு டின்னுக்கு முக்கால் கிலோ வரை கிரீம் சீஸ் போகும். முட்டையை முழுசாகக் கலப்பார்கள். வெந்ததும் அது கனமான, கிரீமியான ஒரு கஸ்டர்ட். ஜப்பானிய வகையில் சீஸ் 250 கிராம்தான். முட்டையின் வெண்கருவைத் தனியே அடித்து நுரையாக்கிச் சேர்ப்பதால் பாதி ஸ்பாஞ்ச், பாதி கஸ்டர்ட் என்ற நிலையில் நிற்கும். பிஸ்கட் அடித்தளம் கிடையாது.

ஜப்பானில் சீஸ்கேக் என்றால் இது ஒன்று மட்டும் இல்லை. ஜெலட்டின் போட்டுக் குளிரவைக்கும் 'ரேர்' வகை உண்டு, கனமாகச் சுடும் 'பேக்டு' வகை உண்டு. தட்டை ஆட்டினால் தளதளவென்று ஆடுவது மூன்றாவதான சூஃப்லே வகை. இந்தப் பக்கம் அதைப் பற்றியது.

அளவுகள் என்ன?

கிரீம் சீஸ் 250 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம்
பால் 100 மி.லி.
முட்டை 6 (ஓட்டோடு 55 முதல் 60 கிராம் வரை உள்ளவை)
சர்க்கரை 130 கிராம், நைசானது
கேக் மாவு 60 கிராம்
கார்ன்ஃப்ளார் 20 கிராம்
எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி
எலுமிச்சைத் தோல் துருவல் 1 தேக்கரண்டி
வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

கப் கணக்கு வேண்டாம். மாவு 60 கிராம் என்பது 80 ஆனால் வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். மின்தராசு ஒன்று இல்லாமல் இந்தக் கேக்கை ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது.

என்னிடம் வேறு அளவு டின் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

முட்டையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 15 செ.மீ. டின்னுக்கு 3 முட்டை, 18 செ.மீ. டின்னுக்கு 5, 20 செ.மீ.க்கு 6, 23 செ.மீ.க்கு 8. மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் மாற்றினால் போதும். உதாரணமாக 3 முட்டைக்குச் சீஸ் 125, வெண்ணெய் 25, பால் 50 மி.லி., சர்க்கரை 65, கேக் மாவு 30, கார்ன்ஃப்ளார் 10 கிராம்.

முதல் தடவை செய்பவர்கள் 15 செ.மீ. டின்னில் தொடங்குவது நல்லது. சின்னக் கேக்கின் நடுப்பகுதி சீக்கிரம் வேகும், கவிழ்த்து எடுப்பதும் சுலபம். வேகும் நேரம் கால் பங்கு குறையும். உயரம் குறைந்த டின்னை மட்டும் எடுக்காதீர்கள், 5 செ.மீ. உயரத்தில் இந்தக் கேக் கேக்காகவே தெரியாது.

எந்த கிரீம் சீஸ் வாங்க வேண்டும்?

கட்டியாக, செவ்வக வடிவில் வருவது. அதில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். டப்பாவில் வரும், ரொட்டியில் தடவுகிற வகையில் தண்ணீரும் காற்றும் அதிகம். அதைப் போட்டே ஆக வேண்டுமென்றால் பாலை 100 மி.லி.யிலிருந்து 75 ஆகக் குறையுங்கள். கொழுப்பு குறைத்த 'லைட்' வகை வேண்டாம். கலவை நீர்த்துப்போய் அடியில் படிந்துவிடும். மஸ்கார்போனே போடலாம், ஆனால் புளிப்பு குறைவதால் எலுமிச்சைச் சாற்றைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். வடிகட்டிய கெட்டித் தயிரில் செய்தால் ஒரு கேக் வரும், நன்றாகவும் இருக்கலாம், ஆனால் அது வேறு கேக்.

கேக் மாவு கிடைக்கவில்லை. மைதா போதுமா?

போதும். 60 கிராமுக்குப் பதில் 50 கிராம் மைதாவும் 10 கிராம் கார்ன்ஃப்ளாரும் சேர்த்து இரண்டு முறை சலித்துக்கொள்ளுங்கள். அதாவது மொத்தக் கார்ன்ஃப்ளார் 30 கிராம் ஆகும். மைதாவில் புரதம் கூடுதல். கலக்கக் கலக்க அது பசைத்தன்மை பிடித்து, கேக்கை இழுவையாக்கும். கார்ன்ஃப்ளாரில் அந்தப் புரதம் கிடையாது, அதனால்தான் இந்தக் கலப்பு.

சர்க்கரையைக் குறைக்கலாமா?

110 கிராம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். இங்கே சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. வெண்கருவில் உள்ள தண்ணீரில் கரைந்து, குமிழ்களைச் சுற்றியுள்ள படலத்தைப் பிசுபிசுப்பாக்கி நுரை கரையாமல் பிடித்துவைப்பது அதுதான். சர்க்கரை குறைந்த நுரை சீக்கிரம் திரிதிரியாகி நீர் விடும். சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பூட்டி மாத்திரை, துளி வகைகளை இந்த முறையில் போட முடியாது.

பேக்கிங் பவுடர் சேர்த்தால் இன்னும் உப்புமா?

உப்பும், வெடிக்கும், பிறகு அமுங்கும். வேண்டாம்.

முட்டை இல்லாமல்?

இந்த வகையில் முடியாது. உப்புவதும் உப்பிய பின் உறைந்து நிற்பதும் இரண்டுமே வெண்கருப் புரதத்தின் வேலை. வேகவைத்த கொண்டைக்கடலையின் தண்ணீரை அடித்தால் நுரை அழகாக வரும், ஆனால் சூட்டில் முட்டையைப் போல உறையாது. ஓவனுக்குள் கரைந்து இறங்கிவிடும். முட்டை வேண்டாதவர்களுக்கு ரேர் சீஸ்கேக்கே சரியான வழி. ஜெலட்டினும் ஆகாதென்றால் அகர்-அகர் போட்டுச் செய்யலாம்.

டின்னை எப்படித் தயார் செய்வது?

அடிக்கு ஒரு வட்டமும் பக்கத்துக்கு ஒரு பட்டையுமாக பேக்கிங் தாள் வெட்டுங்கள். பக்கத் தாள் டின்னின் விளிம்பை விட 3 செ.மீ. உயர்ந்து நிற்க வேண்டும், ஏனென்றால் கேக் வேகும்போது டின்னைத் தாண்டி எழும்பும். டின்னில் லேசாக வெண்ணெய் தடவித் தாளை ஒட்டுங்கள். தாளில் சுருக்கமோ மடிப்போ இருந்தால் அது அப்படியே கேக்கின் பக்கத்தில் பதியும்.

பக்கத் தாளைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆறும்போது கேக் சுருங்கும். தாள் இருந்தால் அதுவும் கூடவே உள்ளே நகரும். தாள் இல்லாமல் உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் விட்டும் கேக் கோணிப்போகும்.

அடி கழலும் டின் என்றால் தண்ணீர் புகும். அலுமினியத் தாளைச் சுற்றுவதில் முழு நம்பிக்கை வைக்க முடியாது, சின்னக் கிழிசல் போதும். அந்த டின்னை அதைவிடச் சற்றுப் பெரிய, ஓட்டையில்லாத இன்னொரு டின்னுக்குள் இறக்கி, அந்த இரண்டையும் சேர்த்து வெந்நீர்த் தட்டில் வைப்பது உறுதியான வழி.

சீஸ் கலவையைக் கட்டி இல்லாமல் செய்வது எப்படி?

ஒரு பாத்திரத்தில் கொதிக்கவிட்ட தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதன் மேல் இன்னொரு கிண்ணத்தை வைத்து சீஸ், வெண்ணெய், பால் மூன்றையும் சேர்த்து விஸ்க்கால் கலக்குங்கள். சீஸை முன்கூட்டியே துண்டுகளாக்கி அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வழவழப்பாகிவிடும். கலவை கொதிக்கக் கூடாது. 60 டிகிரிக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை.

இறக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்கு, சுமார் 40 டிகிரிக்கு, ஆறவிடுங்கள். இப்போது மஞ்சள்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கலக்குங்கள். சூடாக இருக்கும்போதே சேர்த்தால் மஞ்சள்கரு திரிந்துவிடும். பிறகு வெனிலா, உப்பு, தோல் துருவல், எலுமிச்சைச் சாற்றில் மூன்றில் இரண்டு பங்கு. கடைசியாக மாவையும் கார்ன்ஃப்ளாரையும் கலவையின் மேலேயே சலித்து, வெள்ளை மறையும் வரை மட்டும் கலக்குங்கள்.

இந்தக் கலவையை ஒரு முறை சல்லடையில் வடிகட்டுவதைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். மாவுக் கட்டி, கரையாத சீஸ், முட்டையின் வெள்ளைத் திரி எல்லாம் அங்கேயே நின்றுவிடும். தோல் துருவலும் நின்றுவிடுமே என்றால், மணம் அதற்குள் கலவையில் இறங்கியிருக்கும்.

வடிகட்டியதும் கிண்ணத்தை மீண்டும் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் வைத்திருங்கள். ஆறிப்போனால் சீஸும் வெண்ணெயும் இறுகிக் கலவை கெட்டியாகும், நுரையோடு கலக்கும்போது பாதி நுரை உடையும்.

வெண்கருவை எந்தப் பதத்துக்கு அடிப்பது?

அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான். நிறையப் பேர் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரை அடிக்கிறார்கள். மெரிங் பிஸ்கட்டுக்கு அது சரி. இந்தக் கேக்குக்கு அது அளவு மீறியது. அவ்வளவு விறைத்த நுரை சீஸ் கலவையோடு சேராது, கட்டி கட்டியாக நிற்கும். அதைக் கரைக்கக் கூடுதலாகக் கிளறுவீர்கள், காற்று போய்விடும். தப்பித் தவறி நன்றாகக் கலந்தாலும் ஓவனில் வேகமாக விரிந்து மேற்புறத்தைக் கிழித்துவிடும்.

வேண்டியது இது: பீட்டரைத் தூக்கினால் நுரையின் முனை நிற்க வேண்டும், ஆனால் நுனி மட்டும் பறவையின் அலகு மாதிரி வளைந்து தொங்க வேண்டும். நுரை பளபளப்பாக, குமிழ் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைசாக இருக்க வேண்டும். பளபளப்பு மங்கிப் பஞ்சுபோலத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பதம் தாண்டிவிட்டது. தாண்டியதைத் திருப்ப ஒரு வழி உண்டு: அடிக்காத இன்னொரு வெண்கருவைச் சேர்த்துக் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் கலக்கலாம். ஓரளவுக்குத்தான் உதவும்.

வரிசை இப்படி. முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பிரியுங்கள்; குளிர்ந்த மஞ்சள்கரு சுலபத்தில் உடையாது. வெண்கருவையும் குளிர்ச்சியாகவே வைத்திருங்கள். அறைச் சூட்டில் உள்ள வெண்கரு சீக்கிரம் பொங்கும் என்பது உண்மை, ஆனால் குளிர்ந்த வெண்கரு மெதுவாக, நைசான குமிழோடு பொங்கும், இங்கே நமக்கு வேண்டியது அந்த நைசு. கிண்ணமும் பீட்டரும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பிசுக்கு போகவே போகாது, எவர்சில்வர் அல்லது கண்ணாடியே நல்லது. மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பெரிய கிண்ணத்தில் சேருங்கள்.

நடுத்தர வேகத்தில் ஆரம்பியுங்கள். சோப்பு நுரை மாதிரி வந்ததும் மீதி எலுமிச்சைச் சாறு. அமிலம் வெண்கருப் புரதங்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைவதைத் தடுத்து, அடிப்பது சற்று மிஞ்சினாலும் நுரை உடையாமல் காக்கும். கிரீம் ஆஃப் டார்டார் இருந்தால் கால் தேக்கரண்டி போடலாம், அப்போது எலுமிச்சை முழுவதையும் சீஸ் கலவையிலேயே சேர்த்துவிடலாம். பிறகு சர்க்கரையை மூன்று தவணையாக, ஒவ்வொரு தவணைக்கும் நடுவே அரை நிமிடமாவது விட்டுச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் நுரை எழும்பவே வெகுநேரம் ஆகும். கடைசி ஒரு நிமிடம் வேகத்தைக் குறைத்து அடியுங்கள். பெரிய குமிழ்கள் உடைந்து எல்லாம் ஒரே சீராகும். பதம் நெருங்கும்போது பத்து விநாடிக்கு ஒரு முறை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். நல்ல பதத்துக்கும் மீறிய பதத்துக்கும் நடுவே இருப்பது சில விநாடிகள்தான்.

கையால் விஸ்க் கொண்டு அடித்தும் செய்யலாம், தோள் வலிக்கும். மிக்ஸியில் முடியாது.

இரண்டையும் எப்படிக் கலப்பது?

நுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சீஸ் கலவையில் போட்டு விஸ்க்கால் தயங்காமல் கலக்குங்கள். இந்தப் பங்கின் காற்று கொஞ்சம் போனால் பரவாயில்லை, கலவையின் கனத்தைக் குறைக்கத்தான் அது. அடுத்த பங்கை மென்மையாகக் கலக்குங்கள். பிறகு இந்தக் கலவை முழுவதையும் மீதி நுரை இருக்கும் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பேட்டுலாவை நடுவில் இறக்கி, அடியை வழித்து மேலே மடித்துப் போடுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் கிண்ணத்தைச் சற்றுத் திருப்புங்கள். சீஸ் கலவை கனமானது, அடியில்தான் ஒளிந்துகொள்ளும். வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

சரியாகக் கலந்தது தூக்கி ஊற்றினால் அகலமான நாடாவாக விழும், விழுந்த தடம் சில விநாடி நிற்கும். தண்ணீராக ஓடினால் நுரை போய்விட்டது. அப்போது கேக் வரும், ஆனால் அடியில் களி போன்ற ஒரு படலத்தோடு வரும்.

டின்னில் ஊற்றிய பின் ஒரு குச்சியால் இப்படியும் அப்படியும் கோடு இழுத்துக் குமிழ்களை உடைத்து, மேடையில் இரண்டு முறை மெல்லத் தட்டுங்கள். உடனே ஓவனுக்குப் போக வேண்டும். ஓவன் சூடேறக் காத்திருந்தால் நுரை காத்திருக்காது.

வெந்நீர்த் தட்டு கட்டாயமா?

கட்டாயம். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் டின்னின் அடியும் ஓரமும் மிஞ்சிச் சூடாகாமல் அது காக்கிறது. கூடவே எழும் ஆவி மேற்புறத்தைச் சீக்கிரம் காயவிடாமல் வைத்திருக்கும், அதனால் கேக் எழும்பும்போது மேல்தோல் கிழியாமல் நெகிழ்ந்துகொடுக்கும். தண்ணீர் சுமார் 70 டிகிரி சூட்டில், டின்னின் பக்கத்தில் 2 முதல் 2.5 செ.மீ. உயரத்துக்கு இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அடிப்பகுதி வேக ஆரம்பிக்கவே அரை மணி ஆகும், அதற்குள் கலவை பிரிந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் என்றால் ஓரம் முந்திக்கொள்ளும். டின்னுக்கடியில் ஒரு மெல்லிய துணியை மடித்துப் போட்டால் அடிச்சூடு இன்னும் சீராக இறங்கும்; துணி தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

என்ன சூடு, எவ்வளவு நேரம்?

மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய, காற்றாடி இல்லாமல், கீழிருந்து முதல் அடுக்கில் வைக்க வேண்டும். 160 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். கேக்கை வைத்ததும் 160 டிகிரியில் 20 நிமிடம். அதற்குள் மேலே இளம்பொன் நிறம் வர ஆரம்பிக்கும். பிறகு 135 டிகிரிக்குக் குறைத்து 50 முதல் 55 நிமிடம். அணைத்துவிட்டு, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரல் நுழையும் இடைவெளி விட்டு 20 நிமிடம் உள்ளேயே விடுங்கள்.

இரண்டு கட்டமாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. முதல் கட்டத்தில் மேற்புறம் நிறம் பிடித்து லேசாக உறைகிறது. அதே சூட்டில் தொடர்ந்தால் நடுப்பகுதி வேகும் முன் மேலே வெடிக்கும். தொடக்கத்திலிருந்தே 135 என்றால் வெடிக்காது, ஆனால் மேலே வெளிறிப்போய் இருக்கும். சிலர் 200 டிகிரியில் ஆரம்பித்து 15 நிமிடத்தில் 140க்கு இறக்குகிறார்கள். நல்ல நிறம் வரும், ஆனால் ஓவனின் குணம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது.

ஏனென்றால் ஓவன் முகப்பில் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் சகஜம். சின்ன ஓவன்களில் இன்னும் மோசம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்தக் கேக்குக்குப் புது டின்னை விட, விலை கூடிய சீஸை விட அதுதான் பயன்படும். இங்கே கொடுத்திருக்கும் சூடெல்லாம் தெர்மாமீட்டர் காட்ட வேண்டியவை, முகப்பு காட்டுபவை அல்ல.

முதல் 50 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ், ஏர் ஃபிரையர், ஆவியில் வேகவைப்பது?

மைக்ரோவேவின் கன்வெக்ஷன் முறையில் செய்யலாம், மைக்ரோ முறையில் கூடாது. காற்றாடியை அணைக்க முடியாது என்பதால் எல்லாச் சூட்டையும் 15 டிகிரி குறையுங்கள். நிறம் பிடித்ததும் மேலே அலுமினியத் தாளைத் தொடாமல் கூடாரம் போல மூடுங்கள். உலோகத்தை அனுமதிக்கும் முறைதானா என்று முதலில் கையேட்டைப் பாருங்கள்.

ஏர் ஃபிரையரில் கம்பி மிக அருகில் இருக்கிறது, காற்றும் வேகம். மேலே கருகி உள்ளே வேகாமல் போவதே பெரும்பாலும் நடக்கும். ஆவியில் வேகவைத்தால் மென்மை கிடைக்கும், பொன்னிறம் கிடைக்காது. மூடியில் துணி கட்டி, தண்ணீர் சொட்டாமல், மிகக் குறைந்த தீயில் வைக்க வேண்டும்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

டின்னை லேசாக ஆட்டுங்கள். முழுக் கேக்கும் ஒன்றாக ஆட வேண்டும். நடு மட்டும் தனியாக அலையடித்தால் இன்னும் பத்து நிமிடம். மேலே விரலால் தொட்டால் 'சரசர' என்று நுரை உடையும் சத்தம் பலமாகக் கேட்டாலும் வேகவில்லை என்று பொருள். நடுவில் குச்சி விட்டால் ஈரப் பருக்கை ஒட்டலாம், மாவு ஒட்டக் கூடாது.

டின்னிலிருந்து எடுப்பது எப்போது?

வெளியே எடுத்து 10 நிமிடத்தில், சூடு இருக்கும்போதே. முழுக்க ஆறும்வரை டின்னில் விட்டால் ஆவி உள்ளேயே தங்கி ஓரமும் அடியும் ஈரமாகிவிடும். ஒரு தட்டில் பேக்கிங் தாள் போட்டு, அதைக் கேக்கின் மேல் வைத்துக் கவிழ்த்து, டின்னையும் அடித் தாளையும் எடுத்துவிட்டு, இன்னொரு தட்டை வைத்துத் திருப்பிவிடுங்கள். மேற்புறம் தாளில் ஒட்டுமோ என்ற பயம் இருந்தால் தாளில் துளி வெண்ணெய் தடவுங்கள். அடி கழலும் டின் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தை தேவையில்லை.

பளபளப்பு வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டி ஆப்ரிகாட் ஜாமை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடிகட்டி, கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிரஷ்ஷால் தடவலாம்.

மேலே வெடித்துவிட்டது. ஏன்?

வெளியே உறைந்த பிறகும் உள்ளே விரிந்துகொண்டிருந்தது, அதனால். முதல் 20 நிமிடத்துக்குள் வெடித்தால் ஓவன் சூடு அதிகம், அல்லது டின் மேல் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தது. அரை மணிக்குப் பிறகு மெதுவாக வெடித்தால் நுரையை விறைக்க அடித்தது காரணமாக இருக்கலாம், இல்லாவிட்டால் தட்டில் தண்ணீர் வற்றியிருக்கும். எது என்று தெரியாவிட்டால் அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: சூட்டை 10 டிகிரி குறையுங்கள். வெடித்த கேக்கின் ருசியில் ஒரு குறையும் இருக்காது, பொடிச் சர்க்கரை தூவினால் தெரியவும் செய்யாது.

ஓவனில் உயரமாக இருந்தது, வெளியே எடுத்ததும் அமுங்கிவிட்டது.

எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஒன்று, ஒன்றரை செ.மீ. இறங்குவது இயல்பு. சூடான காற்றும் ஆவியும் குளிர்ந்தால் சுருங்கத்தான் செய்யும். பாதி உயரம் போய்விட்டால் உள்ளே வேகவில்லை. மேலே பொன்னிறமாக இருந்ததை நம்பி எடுத்திருப்பீர்கள். குறைந்த சூட்டில் இன்னும் 10, 15 நிமிடம் வைத்திருக்க வேண்டும்.

இடுப்பு ஒடுங்கின மாதிரி நடுவில் உள்வாங்குவதும், மேலே தோல் சுருங்குவதும் பெரும்பாலும் சட்டென்று குளிர்ந்ததால். ஓவன் கதவை அகலத் திறப்பது, மின்விசிறிக்குக் கீழே ஆறவைப்பது இரண்டும் கூடாது.

அடியில் கெட்டியாக, ஈரமாக ஒரு அடுக்கு இருக்கிறது.

அந்த அடுக்கைக் கத்தியால் சீவிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில், களி மாதிரி வழவழவென்று இருந்தால் சீஸ் கலவை பிரிந்து கீழே இறங்கியிருக்கிறது. நுரை பதம் போதவில்லை, அல்லது கிண்ணத்தின் அடியை வழித்துக் கலக்கவில்லை, அல்லது தட்டுத் தண்ணீர் குளிர்ந்திருந்தது. நிறம் மாறாமல், தண்ணீர் ஊறின ஸ்பாஞ்ச் மாதிரி இருந்தால் டின்னுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

உள்ளே பெரிய ஓட்டைகள்?

வெண்கருவை முழு வேகத்திலேயே அடித்து முடித்திருக்கிறீர்கள். கடைசி ஒரு நிமிடக் குறைந்த வேகத்தை நினைவில் வையுங்கள்.

முட்டை வாடை வருகிறது.

பழைய முட்டை, அல்லது அளவு மீறி வெந்தது. எலுமிச்சைத் தோல் துருவல் இதற்கு வெனிலாவை விட நல்ல மருந்து. தோலின் வெள்ளைப் பகுதி வராமல் துருவுங்கள், அது கசக்கும். ஒரு இரவு குளிரவைத்தாலும் வாடை அடங்கும்.

சூடாகச் சாப்பிடுவதா, குளிரவைத்தா?

இரண்டும் இரண்டு பண்டங்கள். அரை மணி ஆறிய நிலையில் வாயில் வைத்ததும் கரையும், முட்டை ருசி முன்னால் நிற்கும், சீஸ் பின்னால். நான்கு மணி நேரம் குளிரவைத்தால் வெண்ணெயும் சீஸும் இறுகிக் கேக் சற்று அடர்த்தியாகும், சீஸின் புளிப்பு எழும்பும். ஆட்டம் குறையும். ஆடுகிற காணொளியைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் சூடாகவே சாப்பிட வேண்டும். ருசிக்காகச் செய்பவர்களுக்கு எங்கள் சிபாரிசு மறுநாள்.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அதையே செய்யுங்கள். அழுத்தாமல் அறுப்பது போல இழுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள். துண்டுகளாக்கித் தனித்தனியே சுற்றினால் ஃப்ரீசரில் ஒரு மாதம். சாப்பிடும் முந்தின இரவு கீழ்த் தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள். மைக்ரோவேவில் 10 விநாடி காட்டினால் மென்மை ஓரளவு திரும்பும்.

வேறு சுவைகளில் செய்யலாமா?

மட்சா: கேக் மாவில் 8 கிராமைக் குறைத்து அதே அளவு மட்சாத் தூள், சேர்த்துச் சலித்து. கோகோ: 15 கிராம், அதே முறையில், ஆனால் கோகோவில் உள்ள கொழுப்பு நுரையைச் சற்று அமுக்கும் என்பதால் கலப்பதில் வேகம் வேண்டும். பழக்கூழ் சேர்க்க ஆசைப்படாதீர்கள், தண்ணீர் கூடிவிடும். பழத்தை மேலே வைத்துப் பரிமாறலாம். ஒசாகாவில் ரிக்குரோ ஓஜிசான் கடையின் கேக்கில் அடியில் உலர்திராட்சை இருக்கும். அப்படி வேண்டுமென்றால் திராட்சையை வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, டின்னின் அடியில் பரப்பிவிட்டு ஊற்றுங்கள்.

மூன்றே பொருளில் செய்யும் முறை என்று சுற்றுகிறதே, அது வருமா?

வரும். 3 முட்டை, 120 கிராம் வெள்ளைச் சாக்லேட், 120 கிராம் கிரீம் சீஸ். சாக்லேட்டை உருக்கிச் சீஸ், மஞ்சள்கருவோடு கலந்து, வெண்கரு நுரையைச் சேர்த்து 15 செ.மீ. டின்னில், வெந்நீர்த் தட்டில் 170 டிகிரியில் 15 நிமிடம், 160 டிகிரியில் 15 நிமிடம், அணைத்து 15 நிமிடம். இனிப்பு முழுக்கச் சாக்லேட்டிலிருந்து வருவதால் வெண்கருவை வெறுமனே அடிக்க வேண்டும், அந்த நுரை சீக்கிரம் திரியும். தாங்கிப் பிடிக்க மாவும் இல்லாததால் ஆறியதும் நன்றாகவே இறங்கும். பொருள் குறைவு என்பதால் இது சுலபமான முறை என்று நினைத்து இதில் தொடங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன 3 முட்டைக் கணக்கில் முதலில் செய்து பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

இரண்டு கேக்குக்கான கலவையை ஒன்றாகச் செய்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாமா?

சீஸ் கலவையை மொத்தமாகச் செய்து வைக்கலாம், வெதுவெதுப்பு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெண்கருவை மட்டும் இரண்டாவது கேக்குக்கு ஓவன் காலியாகும் நேரத்தில் தனியாக அடியுங்கள்.